வெட்டச் சொன்ன நாலு நிமிஷம்

தம்பி,

ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணிக் கேட்டப்போ "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லி வச்சுட்டேன். உனக்கு அது பிடிக்கலைன்னு தெரியும். முப்பத்தோரு வயசுல முதல் படத்தை எடுத்து முடிச்சு, சென்சார்லேருந்து வெளியே வந்து நின்னுக்கிட்டு, அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டே. அப்பா என்னடான்னா கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு "நாளைக்கு வாங்க"ங்கிற மாதிரி பதில் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் கப்பல் டிக்கெட் கவுண்டர்ல உக்காந்தவனுக்கு வேற எப்படிப் பேச வரும். போன்ல எனக்கு ஓடாது. அதனால எழுதறேன். எழுதி முடிச்சதும் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பறேன். வீட்டுல நெட் இழுக்கலைன்னா ஃபெர்ரி நிக்கிற ஜெட்டிக்கு நடந்து போயாவது அனுப்பிடறேன்.

நீ கேட்டதை நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு முதல்ல பார்த்துக்கறேன், அது என் பழைய பழக்கம். படத்தை இப்ப இருக்கிறபடியே விட்டா 'ஏ' சர்டிபிகேட். படத்துல வர்ற பையனோட அம்மா சாகிற நாலு நிமிஷத்தை எடுத்துட்டா 'யுஏ பதிமூணு'. புரொடியூசர் எடுத்துடுன்னு சொல்றார், ஏன்னா ஏ படத்தை டிவியில போட முடியாது, குடும்பத்தோட யாரும் வரமாட்டாங்க. நீ எடுக்க மாட்டேன்னு சொல்லலை, எடுக்கிறேன்னும் சொல்லலை. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கணும். "நீங்க பார்த்துட்டீங்களே அப்பா, நீங்க சொல்லுங்க, எந்த சர்டிபிகேட் வாங்கலாம்?" இதுதானே கேட்டே.

பார்த்தேன். நீ அனுப்பின லிங்க்கை மூணு தடவை பார்த்தேன். நம்ம ஊர் பாம்பூஃப்ளாட்ல நம்ம வீடு மாதிரியே ஒரு வீடு, நம்ம ஜன்னல் மாதிரியே ஒரு ஜன்னல். அந்தப் பொம்பளை ரத்தமா வாந்தி எடுக்கிறா, வலியில கத்துறா, எல்லாரையும் திட்டுறா, "என்னைக் கொன்னுடுங்க"ன்னு கெஞ்சுறா. பன்னெண்டு வயசுப் பையன் துண்டை நனைச்சு அவ வாயைத் துடைச்சு விடறான். அப்புறம் அவன் கையைப் பிடிச்சபடியே அவ போயிடறா. அப்பன்காரன் வாசல்ல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். அவன் மூஞ்சியை ஒரு தடவைகூட நீ காட்டலை. நல்லா எடுத்திருக்கே. ஆனா உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு ஒண்ணுமே தோணலை. மூணு தடவையும் தோணலை. பார்த்து முடிச்சுட்டு டீ போட்டேன், குடிச்சேன், டம்ளரைக் கழுவி வச்சேன். மரத்துப்போன கால்ல கிள்ளினா கிள்ளுறது தெரியும், வலி தெரியாது, அந்த மாதிரி. இப்ப வந்ததில்லை இது. பத்தொன்பது வருஷமா இப்படித்தான் இருக்கேன். உன் காலேஜ் பட்டமளிப்புக்கு வந்தப்பவும் இப்படித்தான் இருந்தேன். நீ அப்பாவுக்குப் பெருமையே இல்லைன்னு மாமாகிட்ட சொல்லி வருத்தப்பட்டியாம். பெருமை இருந்திருக்கும்டா, எனக்குத்தான் எட்டலை.

சரி, மனசு ஒண்ணும் சொல்லலை, ரூலாவது என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்னு உக்காந்து படிச்சேன். அது நமக்கு வரும். யு-ன்னா எல்லாரும் பார்க்கலாம். யுஏ-வை இப்ப மூணாப் பிரிச்சிருக்காங்க, ஏழு, பதிமூணு, பதினாறுன்னு. நான் இத்தனை நாளா என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன்னா, பதிமூணுன்னு போட்டா அதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை வாசல்ல நிறுத்திடுவாங்கன்னு. கப்பல்ல அரை டிக்கெட், முழு டிக்கெட் மாதிரின்னு வச்சுக்கோயேன். எத்தனை தாய்மார் என் கவுண்டர் முன்னாடி மீசை முளைச்ச பையனை இடுப்புல தூக்க முடியாமத் தூக்கிக்கிட்டு நின்னு "பத்துதான் சார் ஆகுது"ன்னு சொல்லியிருக்காங்க. ஆனா யுஏ அப்படி இல்லையாம். அந்த நம்பர் வாசல்ல நிக்கிறவனுக்கு இல்லை, பெத்தவங்களுக்கு. உன் பிள்ளை இந்த வயசுக்குக் கீழேன்னா நீ பார்த்து முடிவு பண்ணு, கூட இருந்து புரிய வை, அவ்வளவுதான். கதவைச் சாத்தச் சொல்றது ஏ மட்டும்தான். பதினெட்டு ஆகலைன்னா உள்ளே விடக்கூடாது, அப்பா கூட வந்தாலும் விடக்கூடாது, அம்மா கூட வந்தாலும் விடக்கூடாது. இதை நான் ரெண்டு தடவை படிச்சேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு மூணாவது தடவையும் படிச்சேன்.

நீ சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப இந்தத் தெருவுக்கே நான்தான் சென்சார், ஞாபகம் இருக்கா? மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், போர்ட் பிளேர்ல வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து, சாத்தம் ஜெட்டியில ஃபெர்ரி ஏத்தி, ரெண்டு பேரா தூக்கிக்கிட்டு வருவோம். மெயின்லேண்ட்லேருந்து கப்பல்ல வந்த கேசட்டு. பெங்காலி, தெலுங்கு, மலையாளம்னு தெரு மொத்தமும் நம்ம முன் ரூம்ல உக்காந்திருக்கும். முதல்ல வர்ற சர்டிபிகேட்டைக்கூடப் பார்க்க விடமாட்டாங்க, "ஆகே கரோ, ஆகே கரோ"ன்னு, முன்னாடி ஓட்டுன்னு கத்துவாங்க. நானும் ஓட்டிவிட்டுடுவேன். அது என்ன படம், யாருக்கான படம்னு நம்ம தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. ரிமோட் என் கையில, எனக்குத் தோணினதுதான் சட்டம். கட்டிப்பிடிச்சா ஓட்டிவிடுவேன். ரத்தம் வந்தா ஓட்டிவிடுவேன். கொஞ்ச நாள்ல யாராவது சாகிற சீன் வந்தாலும் ஓட்டிவிட ஆரம்பிச்சேன், பொம்பளைங்க அழுது மதியத்தைக் கெடுத்துடறாங்கன்னு. டிவியில ஜனங்க குடுகுடுன்னு ஓடுவாங்க, படுப்பாங்க, சிதையில எரிவாங்க. பக்கத்து வீட்டுப் பெங்காலி மாஷி என்னைப் பார்த்து, "தாதா, வோ மர் கயா க்யா?"ன்னு, அண்ணா, அவன் செத்துட்டானான்னு கேட்பா. "டீக் ஹை, டீக் ஹை, ஆகே தேகோ"ன்னு, ஒண்ணுமில்லை மேல பாருன்னு சொல்லிடுவேன்.

உங்க அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா எல்லாரும் போனப்புறம் அடுக்களையில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே நான் ஓட்டிவிட்டதையெல்லாம் உனக்குச் சொல்லிட்டிருப்பா. ஒருநாள் நான் வெளியே நின்னு கேட்டேன். "அந்தப் பொண்ணு செத்துப் போச்சுடா. அவங்க அப்பாவுக்கு அழுகை வரலை, அதான் அவ செருப்பைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்"னு சொல்லிட்டிருந்தா. நீ கன்னத்துல கை வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தே. ஏழு வயசுப் பிள்ளைகிட்ட பேசற பேச்சாடி இதுன்னு நான் சத்தம் போட்டேன். அவ திரும்பிக்கூடப் பார்க்கலை. "நீங்க ஓட்டிவிட்டா நடக்காமப் போயிடுமா? அவன் கேக்கறான், நான் சொல்றேன்"னா. இந்த யுஏ ரூலைப் படிச்சப்போ அவ சொன்னதுதான் காதுல விழுந்துது. நம்ம வீட்டுல யுஏ அவ. ஏ நான்.

அதனாலதான் அவளுக்கு முடியாமப் போனப்ப நான் செஞ்சதை ரொம்ப சாதாரணமாச் செஞ்சேன். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியில இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லை, வீட்டுல வச்சுப் பார்த்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. வயித்துல கட்டி. கப்பல்ல படுக்க வச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். ரெண்டாவது வாரம் வலி அதிகமாச்சு. நீ ஸ்கூல்லேருந்து வந்து பையைக்கூடக் கழட்டாம அவ கட்டில்கிட்ட நிப்பே. ஒருநாள் அவ கத்தினதைப் பார்த்துட்டு நீ வெலவெலத்துப் போயிட்டே. அன்னிக்கே மாமாவுக்கு போன் போட்டேன். மாமா அப்போ பாராடாங் தீவுல பி.டபிள்யு.டி.யில இருந்தார். மறுநாளே ஜீப்புல வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். "அம்மாவுக்கு ஊசி போடணும், ரெஸ்ட் வேணும், சத்தம் கூடாது"ன்னு உன்கிட்ட சொன்னேன். நீ ஜீப்புலேருந்து திரும்பிப் பார்த்துக்கிட்டே போனே. நான் நல்லது பண்ணிட்டதா நினைச்சு உள்ளே வந்தேன்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். வெட்டாதே. ஒரு நிமிஷம்கூட வெட்டாதே. கமிட்டியில உன்கிட்ட முதல்ல கேட்டது, "இது யாருக்கான படம்?"னுதானே. நீ பதில் சொல்லத் தெரியாம முழிச்சேன்னு சொன்னே. அதுக்குப் பதில் சொல்லிட்டா சர்டிபிகேட்டை நாம தேட வேண்டியதில்லை. இப்ப ஏதோ ஒரு வீட்டுல ஒரு பையன் கட்டில்கிட்ட நின்னுக்கிட்டிருப்பான், அவனை எங்கே அனுப்பலாம்னு அவங்க அப்பன் யோசிச்சுக்கிட்டிருப்பான். அவங்க ரெண்டு பேருக்குமான படம் இது. அந்த நாலு நிமிஷத்தை எடுத்துட்டு யுஏ பதிமூணு வாங்கினா அந்தப் பையன் வந்து பார்ப்பான், ஆனா அவன் பார்க்க வேண்டியது அதுல இருக்காது. ஏ வாங்கினா எல்லாம் இருக்கும், அவனை உள்ளே விடமாட்டாங்க. அதனால முழுப் படத்துக்கும் யுஏ பதினாறு கேளு. மேல் கமிட்டிக்குப் போகலாம்னு நீயே சொன்னே. போ. ஒரு மாசம் தள்ளிப் போகும், புரொடியூசர் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பார், வச்சுக்கட்டும். பதினாறு போட்டா, சின்னப் பையனா இருந்தா பெரியவங்க பக்கத்துல உக்காந்து பாருங்கன்னு அர்த்தம். உன் படத்துக்கு அதுதான் பொருத்தம். அங்கேயும் முடியாதுன்னுட்டா ஏ வாங்கிக்கோ. ஆனா வெட்டாதே. அந்த அதிகாரிங்க மேல கோபப்படாதே, அவங்க படத்தைப் பார்த்துட்டுத்தான் வயசு சொல்றாங்க. நான் பார்க்காமலே சொன்னேன்.

இதோட முடிச்சுட்டா கேட்டதுக்குப் பதில் சொன்ன மாதிரி ஆயிடும். நேத்து இங்கேயே பேனாவை மூடி வச்சேன். ஆனா நீ எடுத்திருக்கிற நாலு நிமிஷத்துல எல்லாம் சரியா இருக்கு, தம்பி. ரத்தம் சரி, அவ திட்டினது சரி, நான் வாசல்ல போய் நின்னதும் சரி. மாஷிகிட்டதான் கேட்டிருப்பே. ஒரே ஒரு இடம்தான் நடக்காதது. படத்துல நீ அங்கே இருக்கே. நிஜத்துல நீ ஏன் அங்கே இல்லைன்னு நீ பாட்டுக்கு ஒரு காரணம் நினைச்சு வச்சிருப்பே, திடீர்னு முடிஞ்சுபோச்சு, கூப்பிட நேரம் இல்லைன்னு. நானும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அப்படி இல்லை.

நீ போன நாலாம் நாள் அவ உன்னைக் கேட்டா. காலையில, நல்ல நினைவோட. "அவனை வரச் சொல்லுங்க, பார்க்கணும்"னா. சரின்னேன். மாமா ஆபீஸ்ல போன் இருந்துது. நான் பண்ணலை. அவ கிடக்கிற கோலத்தை நீ பார்க்க வேண்டாம்னு நினைச்சேன், ஞாபகத்துல நல்ல அம்மாவா இருக்கட்டும்னு நினைச்சேன். அன்னிக்கு முழுக்க அவ நேரம் கணக்குப் போட்டுக்கிட்டே கிடந்தா. பாராடாங்ல ஃபெர்ரி ஏறியிருப்பான், காட்டு ரோட்டுல வண்டியையெல்லாம் சேர்த்துப் போலீஸ் காவலோட விடற கான்வாய் மதியம் ஒண்ணு இருக்கு, அதுல வந்தா நாலு மணிக்குள்ள வந்துடுவான்னு. நாலு மணிக்கு "எங்கே?"ன்னா. "கான்வாய் தவறிட்டானாம், நாளைக்கு வருவான்"னேன். மறுநாள் கேட்டா. "ஃபெர்ரி ரிப்பேராம், வண்டி ஏத்தலையாம்"னேன். அவ நம்பினா. இங்கே இருக்கிற யாரா இருந்தாலும் அதை நம்புவாங்க, நம்ம எல்லாருக்கும் நடக்கிறதுதானே. எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை சாவுக்கு நாம அந்த ஃபெர்ரியால போக முடியாம நின்னிருக்கோம். பொய் சொல்றதுக்கு நான் சிரமப்படவே இல்லை.

அவ கேக்க ஆரம்பிச்ச மூணாம் நாள் மழை. அவ குரல் இறங்கிப் போச்சு. "வந்துட்டானா?"ன்னா. "காட்டுல மரம் விழுந்து ரோடு பந்த்"னு சொன்னேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துல லாரி வந்து நின்ன சத்தம் கேட்டுது, மாஷியோட வீட்டுக்காரர் இறங்கி மாஷியைக் கூப்பிட்டார். அவர் ரங்கத்துக்கு லோடு அடிக்கிறவர், பாராடாங் வழியாத்தான் வரணும், அதே ஃபெர்ரி, அதே ரோடு. உங்க அம்மா கண்ணைத் திறந்தா. "ரோடு பந்த்னா அந்த லாரி எப்படி வந்துச்சு?"ன்னா. "அவர்கிட்ட சொல்லியிருந்தா பையனை ஏத்திக்கிட்டு வந்திருப்பாரே"ன்னா. அப்புறம் ரொம்ப நேரம் என் மூஞ்சியையே பார்த்தா. "நீங்க கூப்பிடவே இல்லை"ன்னா. கோபமாச் சொல்லலை. "அவன் வந்து கேப்பான். அப்ப என்ன சொல்வீங்க?"ன்னா. அதுக்கு மேல அவ என்கிட்ட பேசலை. அப்பவாவது எழுந்து போய் போன் பண்ணியிருக்கலாம், கடைசி கான்வாய்க்கு இன்னும் நேரம் இருந்துது. நான் வாசல்ல போய் நின்னேன். விடியக்காலையில போயிட்டா, மாஷி கையைப் பிடிச்சுக்கிட்டு.

அப்புறம்தான் மாமாவுக்கு போன் பண்ணேன். மதியத்துக்கெல்லாம் நீ வந்துட்டே. ஒரே ஒரு போன், அவ்வளவு சுலபமா இருந்துது. ஃபெர்ரி ஓடுச்சு, கான்வாய் கிடைச்சுது, ரோட்டுல ஒரு மரமும் விழலை. நீ ஜீப்புலேருந்து இறங்கி என்னைப் பார்த்தே. நீ கேப்பேன்னு நான் நின்னுக்கிட்டே இருந்தேன். நீ கேக்கலை. கொள்ளி வச்சே, குளிச்சே, மாஷி போட்ட சோத்தைச் சாப்பிட்டே. மறுநாள் கேக்கலை, மறுவருஷம் கேக்கலை, படிக்கப் போறப்போ கப்பல் ஏறினப்பவும் கேக்கலை. அவ சொன்னது தப்பாப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டே பத்தொன்பது வருஷம் ஓடிப் போச்சு.

ஞாயித்துக்கிழமை கேட்டே. சர்டிபிகேட்டைத்தான் கேக்கிறோம்னு நீ நினைச்சிருப்பே. படத்துல நீ என் மூஞ்சியைக் காட்டாம விட்டது என் மேல வச்ச மரியாதைன்னு எனக்குப் புரியுது. இனிமே அது வேண்டாம். அம்மா உன்னைக் கூப்பிட்டா, தம்பி. மூணு நாள் கூப்பிட்டா. நான்தான் உன்கிட்ட சொல்லலை.

அப்பா